நாலாவது குழி

நாலாவது பாத்தியில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை.

முதல் நாள் காலையில் அம்சா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுத் தரை தண்ணீர் குடிக்கத்தான் செய்யும். சிமெண்ட் தளம் போட்ட மறுநாள், களிமண்ணைக் குழைத்துத் தரையின் மேலேயே சின்னச் சின்ன வரப்புகள் கட்டி, நாற்றங்கால் மாதிரி பாத்தி பிரித்து, தண்ணீர் தேக்கி வைப்பார்கள். ஈரத்திலேயே கிடந்து இறுகினால்தான் தரைக்கு உறுதி. தளம் போடுவது அவள் புருஷன் தனசேகரனின் வேலை. அதற்குப் பிறகு காலையும் மாலையும் வந்து தண்ணீர் கட்டுவது அவள் வேலை. எத்தனையோ வீடுகளில் கட்டியிருக்கிறாள். வரப்பு உடைந்தால் தண்ணீர் பக்கத்துப் பாத்திக்கு ஓடும். கதவுப் பக்கம் கசிந்தால் வாசல் நனையும். இங்கே வரப்பும் உடையவில்லை, வாசலும் நனையவில்லை. மூன்று பாத்திகளில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பின்கட்டில் இருந்த நாலாவதில் ஈரக்கறை மட்டும் இருந்தது.

மறுநாளும் அப்படியே.

“இன்னாய்யா, அந்தப் பின்பக்கப் பாத்தி மட்டும் காஞ்சி காஞ்சி போவுது. நானும் ரொப்பிக்கினே இருக்கறேன்,” என்றாள் அம்சா.

“வெயிலு,” என்றான் தனசேகரன்.

“கூரைக்குக் கீழ இன்னாய்யா வெயிலு?”

“மேல கண்ணாடி ஓடு இருக்குதில்ல, அது வழியா எறங்குது. நீ ரெண்டு கொடம் சேத்து ஊத்து.”

அவள் ஊற்றினாள்.

வீடு பஞ்சாட்சரத்தினுடையது. பிள்ளையார்பாளையத்துப் பக்கம், ஒரு கோடியில் நின்று பார்த்தால் மறு கோடியில் கோயில் கோபுரம் தெரிகிற தெரு. அந்தத் தெருவில் எல்லா வீட்டுத் தரையிலும் குழி உண்டு. நெசவு செய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார். இப்போது ஒவ்வொரு வீடாக மாறிவருகிறது. நாற்காலி உயரத்தில் உட்கார்ந்து நெய்கிற இரும்புத் தறிகள் வருகின்றன. அவற்றின் தலையில் கம்ப்யூட்டர் சொல்கிறபடி பூ வேலை எடுக்கும் பெட்டிகள். கனமான தறிகள். காலுக்குக் கீழே தரை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் தறி கோணிக்கொள்ளும். அதனால் குழிகளை மூடி, மேலே கான்கிரீட் கொட்டி, கலவை இழுத்து, வீடு முழுக்க ஒரே மட்டமாக்க வேண்டும். அந்த வேலைக்கு நெசவாளர் தெருக்களில் சொல்லப்பட்ட பெயர் தனசேகரன். செவிலிமேட்டில் புதிது புதிதாக எழும்பும் வீடுகளுக்கும் அவன்தான் தளம் போட்டான். ஆனாலும் ஆள் தேடி வந்து கூப்பிட்டது தறிக்காரர்கள்தான்.

இத்தனை குழிகளை மூடியதில் அவனுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. குழி என்று யாராவது சொன்னால், என்ன குழி என்று அவன் கேட்பதில்லை.

“நாலு குழி இருக்குதுப்பா,” என்று பஞ்சாட்சரம் சொல்லியிருந்தார். “நாலையும் மூடி, வாசல்லேந்து பின்கட்டு வரைக்கும் ஒரே மட்டமா பண்ணிடணும். பாவுல ஒரு இழை தொய்ஞ்சா பொடவ முழுக்கக் காட்டிக் குடுத்துடும். தரையும் அப்பிடித்தான்.”

“ரசமட்டத்த வெச்சிப் பாருங்க ஐயா. குமிழி நடுவுல நிக்கலன்னா நான் கரணையக் கையால தொட மாட்டேன்.”

“அப்புறம் கால்லயா பூசுவீங்க மேஸ்திரி?” என்றான் பஞ்சாட்சரத்தின் மகன் உதயகுமார். இரும்புத் தறி அவன் யோசனை. அம்மா தையல்நாயகிக்கு முட்டி வலி. குழிக்குள் இறங்கி ஏறுவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. முதல் தறி அம்மாவுக்கு என்று முடிவு பண்ணிவிட்டான். இடத்தையும் முடிவு பண்ணிவிட்டான். பின்கட்டில், கண்ணாடி ஓட்டுக்கு நேர் கீழே. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் விழுகிற இடம்.

முன்கட்டில் இருந்த மூன்று குழிகளும் செங்கல் விளிம்பு கட்டிய நீள்சதுரக் குழிகள். மிதித்து மிதித்து உள்சுவர் வழவழப்பேறியிருந்தது. நாலாவது அப்படி இல்லை. பின்கட்டு ஒரு காலத்தில் திறந்த முற்றம். பிற்பாடு கூரை போட்டது. அங்கே நடுவில் முழங்கால் ஆழத்துக்குத் தரை உள்வாங்கி, ஓரம் சிதைந்து, கிட்டத்தட்ட வட்டமாகக் கிடந்தது. பழைய குழி, விளிம்பு இடிந்துவிட்டது என்று தனசேகரன் நினைத்துக்கொண்டான். செங்கல் உடைசலும் மண்ணும் கொட்டி ஆட்களை விட்டுத் திமிசுக் கட்டையால் இடிக்கச் சொன்னான். முன்கட்டுக் குழிகளில் கட்டை ‘தப் தப்’ என்று செத்த ஒலி கொடுத்தது. பின்கட்டில் ‘தொம்’ என்றது.

இடித்தவன் கட்டையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

வாசலில் மிக்சர் சுற்றிக்கொண்டிருந்தது. கலவை போட்டாயிற்று. போட்ட கலவை யாருக்காகவும் காத்திருக்காது. அது அவன் தொழிலின் முதல் பாடம். அரை நாள் தயங்கினால் அத்தனையும் கல்லாகிவிடும். தனசேகரன் அந்த ஒலியைக் கேட்டான். கேட்டுவிட்டு, “போதும், கொட்டுங்கப்பா,” என்றான்.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் எடுத்து, புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி கலவையை நிரப்பி, நீள அலுமினியக் கட்டையால் இழுத்து, மணியாஸ் கட்டையால் தேய்த்து, கடைசியில் கரணையால் மழித்து விட்டான். மறுநாள் இறுகியதும், உதயகுமார் ஊடைநூல் சுற்றிய தார்க்குச்சி ஒன்றை எடுத்துத் தரையில் படுக்க வைத்தான். லேசாக ஊதினாலே உருளும் குச்சி அது. அசையவில்லை. பின்கட்டுக்கும் கொண்டுபோய் வைத்துப் பார்த்தான். அங்கேயும் அசையவில்லை.

“மேஸ்திரி, மீசைய முறுக்கிக்கோங்க,” என்றான்.

அதற்குப் பிறகுதான் பாத்தி கட்டினார்கள்.

அம்சா மூன்றாம் முறையும் சொன்னபோது தனசேகரன் தானே வந்து பார்த்தான். நாலாவது பாத்தி காய்ந்து கிடந்தது. குந்தி உட்கார்ந்து கையால் தடவினான். ஒரு விரிசல் தட்டுப்பட்டது. தலைமுடி அகலம்கூட இல்லை. விரிசல் புதிதல்ல அவனுக்கு. தரை உலரும்போது சுருங்கி வெடிக்கும், அது நேராக ஓடும், இல்லையென்றால் வலைபோலப் பின்னும். இது இரண்டும் செய்யவில்லை. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொடங்கி, வில்லாக வளைந்து போயிற்று. வளையல் கடையில் உடைந்த வளையலைக் கீழே வைத்தாற்போல.

கரணையின் பிடியால் தட்டினான். விரிசலுக்கு இந்தப் பக்கம் ‘டக்’. அந்தப் பக்கம் ‘பொள்’.

தலை தூக்கினால், பஞ்சாட்சரம் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் விபூதி. கையில் செம்பு.

“ஐயா, இந்தக் குழி எவ்ளோ ஆழம் இருந்துச்சி?”

“மூடின குழிதானேப்பா. எங்கப்பா காலத்துலயே மூடியாச்சி.” அவர் செம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “மண்ணு கொஞ்சம் எறங்கியிருக்கும். ஏன், இடிக்காம மேலாப்புல போட்டுட்டியா?”

அந்தக் கேள்வி தனசேகரனைச் சுரீரென்று தொட்டது. இந்தத் தெருவில் ஒருவர் வாயிலிருந்து ‘மேலாப்பு’ என்ற சொல் வந்தால் அது நாளைக்கே நாலு தெரு நடக்கும்.

“அய்யய்யோ, அதெல்லாம் இல்லீங்க ஐயா. நல்லா திமிசு போட்டுத்தான் மூடினோம்.”

சொன்னதும் அந்தத் ‘தொம்’ காதுக்குள் மறுபடியும் கேட்டது. சிமெண்டைப் பால்போலக் கரைத்து விரிசலில் தேய்த்தான். விரிசல் மறைந்தது.

“உதயகுமாரு, மிசினு எறக்கறத இன்னும் ஒரு வாரம் தள்ளி வெச்சிக்கலாமா? தரை பச்சையா இருக்குது.”

“வெள்ளிக்கெழம நாள் பாத்தாச்சு மேஸ்திரி. லாரி புக் பண்ணியாச்சு, ஃபிட்டருங்க வராங்க. மொத தறி அம்மாது. அத மட்டும் நிறுத்திடறோம், மத்தது மெதுவா வரட்டும். இன்னா, தாங்காதா?”

தாங்காது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பது அவனுக்கே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் கேட்டும் கேட்காததுபோல் விட்ட ஒரு சத்தம்.

“தாங்கும், தாங்கும்,” என்றான். “தண்ணி மட்டும் நல்லா கட்டணும்.”

கிளம்பும்போது ஒன்றைப் பார்த்தான். பஞ்சாட்சரம் பின்கட்டைத் தாண்டிக் குளியலறைக்குப் போனார். நடுவில் பாத்தி காய்ந்துதான் இருந்தது, நேராக நடந்திருக்கலாம். அவர் சுவரில் தோள் உரசச் சுற்றிக்கொண்டு போனார். புதுத் தரையில் கால் வைக்க யோசிக்கிறார் என்று தனசேகரன் நினைத்தான்.

அன்றும் அடுத்த நாளும் அவன் சொன்னபடி அம்சா கூடுதலாகவே ஊற்றினாள். எல்லாம் போயிற்று. வியாழன் மாலை பாத்திகளை உடைத்துத் தரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை செவிலிமேட்டில் வேறொரு வீடு. மாடியில் தளம். கலவை கொட்டியாகிவிட்டது, தனசேகரன் முட்டி போட்டு மணியாஸ் கட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தான். அம்சா கதவோரம் டீ கிளாசுடன் உட்கார்ந்திருந்தாள்.

“அந்த அம்மா நல்ல தமாசு ஆளுய்யா,” என்றாள்.

“எந்த அம்மா?”

“தையல்நாயகி அம்மா. நேத்து நான் தொடச்சிக்கினு இருக்கறேன், வந்து நிக்கிது. ‘ஏன்டி அம்சா, எங்க ஊட்ல இருந்ததே மூணு தறி. உம் புருசன் நாலு குழியில்ல மூடியிருக்கறான்? நாலாவது தறி யாருக்கு, உம் மாமனாருக்கா?’ன்னு கேட்டுட்டு அதுவே சிரிக்கிது.”

கட்டை நின்றது.

“மூணு தறியா?”

“அது வாக்கப்பட்டு வந்த நாள்லேந்து மூணுதானாம். பின்கட்டுல தறியே போட்டதில்லியாம். பாய் விரிச்சிக்கூடப் படுக்க மாட்டாங்களாம். போனாலும் செவுத்தோரமாத்தான் போவணுமாம். மாமியா சொல்லிக் குடுத்த பழக்கம், ஏன்னு கேட்டா மொறைப்பாங்களாம்.” அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். “இன்னாய்யா?”

அவன் பின்கட்டை மனதுக்குள் நடந்து பார்த்தான். மூலையில் பழைய துவைக்கிற கல். பக்கத்தில் கருங்கல் தொட்டி. அதன் விளிம்பில், வாளியை இழுத்து இழுத்துச் சாய்த்த இடத்தில், தேய்ந்த பள்ளம். தொட்டி இருக்கிறது, கல் இருக்கிறது. அந்தத் தெருவில் எந்தப் பழைய வீட்டுக்கும் பின்பக்கம் ஒரு கிணறு உண்டு. இந்த வீட்டில் போர் பைப் மட்டும்தான்.

வட்டமான பள்ளம். வில்லாக வளைந்த விரிசல். ‘தொம்’. ஒவ்வொரு நாளும் காணாமல் போன தண்ணீர். அந்தத் தண்ணீர் சும்மாவா போயிருக்கும்? போகும்போது இருந்த மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து இழுத்துக்கொண்டு போயிருக்கும். ரெண்டு கொடம் சேத்து ஊத்து என்று சொன்னவன் அவன்.

கட்டையை ஈரக் கலவையிலேயே போட்டுவிட்டு எழுந்தான்.

“யோவ், எங்கய்யா போற? கலவ கல்லாப் பூடும்யா!”

“பூடட்டும்.”

படியிறங்கிக்கொண்டே உதயகுமாரைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து நின்றது. வண்டியை எடுத்தான். வெள்ளிக்கிழமைக் கூட்டம், வேலைக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள், டவுன் பஸ், பட்டு வாங்க வந்த வெளியூர்க் கார்கள், பூக்கடை முன்னால் நின்ற ஆட்டோக்கள். சிமெண்ட் அப்பிய கையால் ஹாரனை அழுத்திக்கொண்டே போனான்.

தெருவில் லாரி நின்றுகொண்டிருந்தது. தறியின் இரும்புச் சட்டங்கள் கயிறு அவிழ்த்தபடி. ஃபிட்டர்கள் இருவர் பூஜை முடியட்டும் என்று நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். தனசேகரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினான். பின்கட்டு வாசற்படியில் நின்றுவிட்டான்.

தறி நிற்கவேண்டிய இடத்தைச் சாக்பீஸால் சதுரமாகக் கோடு போட்டிருந்தார்கள். நடுவில் தையல்நாயகி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், பட்டுப்புடவையில். எதிரே குத்துவிளக்கு, தாம்பாளம், தேங்காய். அந்தப் பக்கச் சுவரில் சாய்ந்து பஞ்சாட்சரம் நின்றிருந்தார்; கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சதுரத்தின் நாலு மூலைகளிலும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். உதயகுமார் ஒன்றைக் குனிந்து மூலையில் வைத்தான். கையை எடுத்தான்.

பழம் ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக உருண்டது. கோட்டைத் தாண்டி, விளக்கைச் சுற்றிக்கொண்டு போய், தையல்நாயகியின் முட்டியில் இடித்து நின்றது.

“பாருடா, எங்கிட்டயே வருது,” என்று அவர் சிரித்தார்.

உதயகுமார் அதை எடுத்து மறுபடி மூலையில் வைத்தான். மறுபடி உருண்டது. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக.

தார்க்குச்சி அசையாமல் கிடந்த தரை அது. அந்தத் தரையில் எலுமிச்சம்பழம் உருளக் கூடாது.

“உதயகுமாரு,” என்றான் தனசேகரன். கத்தவில்லை. கத்தினால் அந்த அம்மா எழுந்துவிடுவார் என்று பயம். “அங்கயே நில்லு. கோட்டுக்குள்ள கால் வெக்காத.”

“இன்னா மேஸ்திரி, செருப்போட...”

“அம்மா, நீங்க எழுந்திருக்காதீங்க. கைய ஊனாதீங்க. அப்பிடியே இருங்க.”

தையல்நாயகி முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் அவனைப் பார்க்கவில்லை; தரையைப் பார்த்தார். குத்துவிளக்கு அவர் பக்கமாகச் சாய்ந்திருந்தது. எண்ணெய் ஒரு முகத்தின் வழியாக வழிந்துகொண்டிருந்தது.

பிரித்த பழைய தறிகளின் நீள மரங்கள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. தனசேகரன் ஒன்றை இழுத்தான். “புடி அந்தப் பக்கம். தூக்காத, தள்ளு. செவுத்துக்கு செவுரு போவணும்.” ஒரு மரம் அவருக்கு இந்தப் பக்கம், ஒரு மரம் அந்தப் பக்கம். தரை மேல் மரம் உரசிப் போகையில் கீழே எங்கேயோ மண் உதிர்கிற சத்தம் கேட்டது. ரொம்பக் கீழே. எல்லோருக்கும் கேட்டது.

“எனக்கு முட்டிய மடக்க முடியாதேப்பா,” என்றார் தையல்நாயகி. குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

“மடக்க வாணாம்மா. அப்பிடியே பக்கமா சாஞ்சி மரத்து மேல படுத்துக்கோங்க. ரெண்டு கையாலயும் கட்டிக்கோங்க. பொடவையப் பத்திக் கவலப்படாதீங்க.”

அவர் சாய்ந்தார். தனசேகரன் வாசற்படியில் வயிற்றைக் கிடத்தி, மரத்தின் மேலேயே கையை நீட்டி, அவர் மணிக்கட்டைப் பிடித்தான். உதயகுமார் சுவரோரமாகச் சுற்றி வந்து இவன் கால்களைப் பிடித்துக்கொண்டான். இழுத்தார்கள். பட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. இடுப்பு படியைத் தாண்டியது. முட்டி தாண்டியது.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. தரையின் நடுப்பகுதி ஒரு துண்டாக, வட்டமாக, தட்டைக் கீழே இறக்கி வைக்கிறதுபோல இறங்கியது. விளக்கும் தாம்பாளமும் அதோடு போயின. பிறகு ஒன்றுமில்லை. அதற்கப்புறம்தான் கீழேயிருந்து தண்ணீர் அறைபடும் ஓசை வந்தது.

குளிர்ந்த காற்று ஏறி வந்தது. பல வருஷம் பூட்டிக்கிடந்த பெட்டியின் வாடை.

விளிம்பில் அவன் போட்ட தளத்தின் வெட்டுமுகம் தெரிந்தது. கான்கிரீட், மேலே கலவை, அதற்கும் மேலே அவன் கரணை மழித்த பளபளப்பு. அடியில் செங்கல் உடைசலும் ஒரு சாண் மண்ணும். அதற்கும் அடியில் உடைந்த கடப்பைக் கல்லின் முனை ஒன்று. மூடியவர்கள் மண் கொட்டி நிரப்பவில்லை. வாய்க்குக் கல்லைப் போட்டு, அதன் மேல் மண்ணைப் பரப்பிவிட்டுப் போயிருந்தார்கள்.

தையல்நாயகி வாசற்படியில் உட்கார்ந்து, முழங்கையில் ரத்தத்தைப் பார்த்தார். பிறகு எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்ற கணவரைப் பார்த்தார். அவருக்கும் இவருக்கும் நடுவே அந்த வாய் திறந்து கிடந்தது.

“இது இன்னா?” என்று கேட்டார்.

“குழி,” என்றார் பஞ்சாட்சரம்.

“குழியா இது?”

பஞ்சாட்சரம் சுவரை விட்டு அசையாமல் சொன்னார். “எங்க அத்த... நான் சின்னப் பையன். காலைல பாத்தா தண்ணி மேல பொடவ... அதுக்கப்புறம் அந்தப் பேரையே ஊட்ல எடுக்கக் கூடாதுன்னுட்டாரு அப்பா. ஒரு தடவ வாய் தவறிச் சொல்லிட்டு வெளக்கமாத்தால அடி வாங்கினேன். குழின்னுதான் சொல்லணும். ரொப்பியாச்சின்னு சொன்னாரு. ரொப்பியாச்சின்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்.” அவர் தனசேகரன் பக்கம் திரும்பினார். கெஞ்சுகிற முகம். “நான் உங்கிட்ட சொன்னேனேப்பா. நாலு குழின்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க ஐயா,” என்றான் தனசேகரன். “எனக்கும் கேட்டுது.” அவர் சொன்னதைத்தான் சொல்கிறான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவன் சொன்னது அந்தத் ‘தொம்’மை. திருத்தவில்லை.

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். விளிம்பிலிருந்து இன்னொரு துண்டு பெயர்ந்து விழுந்தது. உதயகுமார் அம்மாவைத் தோளோடு சேர்த்துப் பிடித்து இன்னும் பின்னால் இழுத்தான். அவர் கையை உதறிவிட்டார்.

“அந்தப் பேரச் சொல்லுங்க,” என்றார் கணவரிடம். “இத்தினி வருசம் என்னைச் செவுத்தோரமாவே நடக்க வெச்சீங்களே. இது இன்னான்னு உங்க வாயால சொல்லுங்க.”

பஞ்சாட்சரம் வாயைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தபோது அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

“கெணறு!”

சொல் கீழே இறங்கிப் போயிற்று. கொஞ்சம் தாமதித்து, அவர் குரலிலேயே, திரும்பி வந்தது.